ஸ்காபரோ வீட்டின் லிஸ்டிங் ஒப்பந்தத்தை இடைநடுவில் முடித்துக்கொண்ட அனுபவம்

கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவிலுள்ள எங்கள் வீட்டை விற்பதற்கு ஆறு மாத லிஸ்டிங் ஒப்பந்தத்தில், அதாவது வீட்டை விற்றுத் தரும் பொறுப்பை முகவர் தரப்பிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில், கையெழுத்திட்டிருந்தோம். அதில் பாதிக்காலம் கடப்பதற்குள்ளேயே முகவரை மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிட்டோம். விளம்பரத்துக்கான படங்களை அவர் தமது கைப்பேசியிலேயே எடுத்திருந்தார். குளியலறைக் கதவில் தொங்கிய ஈரத்துவாய் கூட ஒரு படத்தில் தெரிந்தது. அதைவிடப் பெரிய குறை, பேஸ்மென்டுக்கு (நிலக்கீழ்த் தளத்துக்கு) தனிவாசல் உண்டு என்பதை விவரக்குறிப்பில் அவர் எழுதாமல் விட்டதுதான். ஸ்காபரோவில் வீடு தேடுபவர்களில் பலர் முதலில் கேட்பதே அதைத்தான். வீட்டைப் பார்க்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "விலையைக் கொஞ்சம் குறைப்பம் தம்பி" என்பதே அவருடைய பதிலாக இருந்தது.

அவர் உறவினர் ஒருவர் மூலம் அறிமுகமானவர் என்பதால், தொலைபேசியில் பேசும்போதெல்லாம் "வின்ரர் முடியட்டும், பொறுங்கோ" என்று அவர் சொல்வதோடு பேச்சு நின்றுவிடும்; அதற்கு மேல் கேட்க நாங்கள் தயங்குவோம். நம்மவர்களுக்கிடையிலான இந்தத் தயக்கம் எவ்வளவு செலவு வைக்கும் என்பதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் ஒப்பந்தத்தை எடுத்து வாசித்தபோது, எதிர்த்தரப்பாக இருந்தது அந்த முகவர் அல்லர், அவர் பணியாற்றும் புரோக்கரேஜ் எனப்படும் வீடு விற்பனை முகவர் நிறுவனம் என்பது தெளிவாக இருந்தது. ஆகவே அவரிடம் மன்றாடுவதை விட்டு, ஒவ்வொரு புரோக்கரேஜிலும் கட்டாயம் இருக்க வேண்டிய 'புரோக்கர் ஒவ் ரெக்கோர்ட்' என்ற பொறுப்பாளருக்கு, முகவருக்கும் பிரதி வைத்து, மின்னஞ்சல் எழுதினேன். மனவருத்தங்களைத் தவிர்த்து, விடுபட்ட தனிவாசல், படங்கள், பதில் வராத குறுஞ்செய்திகள் ஆகியவற்றைத் திகதி வாரியாகக் குறிப்பிட்டு, ஒப்பந்தத்தை எழுத்தில் இரத்துச் செய்யும்படி கேட்டேன்.

புதிய கொண்டோ (அடுக்குமாடி வீடு) வாங்குபவர்கள் மனம் மாறினால் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ள எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் உள்ள பத்து நாள் அவகாசம் இதற்கும் பொருந்தும் என்று நண்பர்கள் சிலர் சொன்னார்கள். லிஸ்டிங் ஒப்பந்தத்துக்கு அப்படி எதுவும் இல்லை. முகவர்களை ஒழுங்குபடுத்தும் ரெக்கோ அமைப்பு அவர்களுடைய நடத்தை பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்குமே தவிர, நம்மை ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. ஆகவே நிறுவனத்தின் சம்மதமே ஒரே வழியாக இருந்தது.

முதலில் அவர்கள் தர முன்வந்தது இரத்து அல்ல, விற்பனைக்குள்ள வீடுகளை முகவர்கள் பகிர்ந்துகொள்ளும் எம்எல்எஸ் பட்டியலிலிருந்து வீட்டைத் தற்காலிகமாக இடைநிறுத்துவது. புல்வெளியில் நட்ட பலகையைக் கழற்றிச் சென்றதும் எல்லாம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் இடைநிறுத்தத்தின்போது ஒப்பந்தம் உயிரோடேயே இருக்கும், வேறு புரோக்கரேஜில் பட்டியலிடவும் முடியாது. நான் அதற்கு இணங்கவில்லை. அடுத்ததாக விளம்பரச் செலவைக் கேட்டார்கள். எந்தப் பிரிவின்படி என்று கேட்டு எழுதினேன். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இறுதியில் இரு தரப்பும் கையெழுத்திடும் இரத்துப் படிவம் வந்தது. அதிலும் 'ஹோல்டோவர்' எனப்படும் பிரிவைக் கவனிக்க வேண்டியிருந்தது. ஒப்பந்தம் முடிந்த பின்னரும், அதன் காலத்தில் வீட்டைப் பார்த்த ஒருவர் குறிப்பிட்ட நாட்களுக்குள் வாங்கினால் பழைய புரோக்கரேஜ் கொமிஷன் கேட்கலாம் என்பதே அதன் பொருள். எங்கள் ஒப்பந்தத்தில் அது 90 நாட்கள். புதிய புரோக்கரேஜ் ஒன்றுடன் எழுத்தில் ஒப்பந்தம் செய்து விற்றால், அவர்களுக்குக் கொடுக்கும் தொகை இந்தக் கடப்பாட்டிலிருந்து கழியும். முகவரில்லாமல் நேரடியாக விற்றால் அந்தக் கழிவு கிடையாது, கொமிஷனோடு 13 சதவீத எச்எஸ்டி விற்பனை வரியும் சேரும். அதனால் இந்தப் பிரிவு இனிச் செல்லாது என்று படிவத்தில் எழுதித் தரக் கேட்டேன். முழுமையாக நீக்க மறுத்து, வீட்டைப் பார்த்தவர்களின் பெயர்ப்பட்டியலை இணைத்து, அவர்களுக்கு மட்டும் அது பொருந்தும் என்று எழுதித் தந்தார்கள். அது நியாயமாகவே பட்டது.

கையெழுத்திட்ட பிரதி கைக்கு வந்ததும், எம்எல்எஸ்ஸில் வீட்டின் நிலை 'இடைநிறுத்தம்' என்றில்லாமல் 'முடிவுறுத்தப்பட்டது' என்று மாறியிருப்பதை வேறொரு முகவர் மூலம் சரிபார்த்த பின்னரே புதிய ஒப்பந்தத்தைக் கையில் எடுத்தோம். அதை மூன்று மாதங்களுக்கு மட்டுமே எழுதச் சொன்னோம்.