விமானத்தில் இருக்கும் லாக் புத்தகத்தைப் படம் எடுத்து வையுங்கள்

சம்பளத்துக்கு விமானம் ஓட்டத் தேவையான கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு நான் போட்ட விண்ணப்பம் ஒருவழியாக ஏற்கப்பட்டுவிட்டது. நிம்மதிதான், ஆனால் கோபம் இன்னும் தணியவில்லை. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கமிருந்து பயிற்சிக்குப் போகும் தம்பி தங்கைகள் இதே சிக்கலில் மாட்டக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

தேர்வுகள், மருத்துவச் சான்று, 200 மணி நேரம் பறந்த கணக்கு எல்லாம் தொல்லையில்லாமல் முடிந்தன. இடித்தது ஒரே ஒரு பறப்பு. விடிவதற்கு முன் தனியாக ஏறி இறங்கிப் பழகிய இரவுப் பறப்பு அது. நமக்குக் காலை 5 மணி என்றால் யுடிசி (விமானத் துறை பயன்படுத்தும் உலகப் பொது நேரம்) கணக்கில் முந்தைய நாள் இரவு 11.30. ஒவ்வொரு பறப்பையும் பதிய விமானத்துக்குள்ளேயே இருக்கும் ஜர்னி லாக் புத்தகத்தில் யுடிசிப்படி முந்தைய தேதிதான் இருந்தது. நான் பறந்ததை நானே எழுதி வைக்கும் என் லாக் புத்தகத்திலும் அதேதான். பயிற்சிப் பள்ளி அலுவலகமோ தன் தினசரிப் பதிவேட்டை இந்திய நேரத்தில் எழுதி, அதைப் பார்த்தே நான் பறந்த நேரங்களுக்கான சான்றிதழைத் தயாரித்திருக்கிறது. அந்தத் தேதியில் அப்படியொரு பறப்பே சான்றிதழில் இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. இந்த லைசென்ஸுக்கு இரவில் 5 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், 10 முறை ஏறி 10 முறை இறங்கியிருக்க வேண்டும். இந்தப் பறப்பைக் கழித்தால் எனக்கு அந்தக் கணக்கு நிறையாது.

பள்ளிக்குப் போன் செய்தேன். "உங்கள் புத்தகத்தில் தேதியைத் திருத்திக்கொள்ளுங்களேன்மா, வேலை முடிந்தது" என்றார் எழுத்தர். எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்! உண்மையான பதிவை நானே பொய்யாக்கிவிட்டு, நாளை யாராவது விமானத்தின் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தால் என் கதி என்ன? யார் சொன்னாலும் இதைச் செய்யாதீர்கள்.

ஆதாரமாக விமானத்தின் லாக் புத்தகப் பக்கத்தின் நகலைக் கேட்டேன். நேரில் வரச் சொன்னார்கள். பள்ளி இருப்பது தென்மாவட்டத்தில். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி விமான நிலையம் வரை போய், அங்கிருந்து பஸ் பிடித்துக் கிளாம்பாக்கம் சேருவதே வடசென்னைக்காரர்களுக்குத் தனிப் பயணம். இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து போனால், "அந்த லாக் புத்தகம் பக்கம் தீர்ந்து உள்ளே போய்விட்டது, சாவி வைத்திருப்பவர் லீவு" என்று பதில். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.

அடுத்த தடவை அலுவலகப் பக்கமே போகவில்லை, விமானங்களை நிறுத்திப் பராமரிக்கும் ஹேங்கருக்கு நேராகப் போனேன். பறந்த நேரத்தைக் கூட்டித்தான் விமானத்துக்கு 50 மணி நேர, 100 மணி நேரப் பராமரிப்பு செய்கிறார்கள். ஆகவே அந்தக் கணக்கைப் பராமரிப்புப் பிரிவு ஒருபோதும் தொலைக்காது. பறந்து முடித்ததும் நான் செல்போனில் எடுத்து வைத்திருந்த படத்தில் விமானத்தின் பதிவு எண்ணும் பக்க எண்ணும் தெளிவாக இருந்தன. மூத்த என்ஜினியர் ஒருவர் அதைப் பார்த்தார். "பக்க எண்ணே இருக்கிறதே, உட்காரம்மா" என்று சொல்லி, தேநீர் வந்து சேருவதற்குள் புத்தகத்தை எடுத்து வந்துவிட்டார். என் வரி அப்படியே இருந்தது. அந்த மனிதரை நான் மறக்க மாட்டேன்.

அந்தப் பக்கத்தின் நகலில் தலைமைப் பயிற்றுநர் கையெழுத்திட்டு முத்திரை வைத்தார். யுடிசி தேதி, இந்தியத் தேதி இரண்டையும் போட்டுப் புதிய சான்றிதழும் கொடுத்தார். அதற்குப் பிறகு ஆட்சேபம் எதுவும் வரவில்லை.

ஆகவே, பறந்து இறங்கியதும் விமானத்தை விட்டு வெளியே வருமுன் அந்தப் பக்கத்தைப் படம் எடுங்கள். செல்போன் படத்தை மட்டும் யாரும் ஆதாரமாக ஏற்க மாட்டார்கள், ஆனால் மூலப் பக்கத்தைத் தேடிப் பிடிக்க அது வேண்டும். பயிற்றுநரிடம் அன்றன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள், அவர் வேலை மாறிப் போய்விட்டால் தேடி அலைய வேண்டியிருக்கும். எழுத்துப் பிழை நேர்ந்தால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுங்கள், வெள்ளை மை பூசாதீர்கள். பள்ளிச் சான்றிதழ் கைக்கு வந்ததும், யுடிசி நேரப்படியா, இந்திய நேரப்படியா தேதி போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு, உங்கள் புத்தகத்தோடு வரிக்கு வரி ஒத்துப் பார்த்துவிட்டே ஊருக்கு பஸ் ஏறுங்கள்.