சால்டரிங் அயர்ன் யார் கையில்

இன்று மதியம், காட்பாடியில் எங்கள் காலேஜ் எலக்ட்ரானிக்ஸ் லேப். மூன்று பையன்கள் சால்டரிங் அயர்னோடு (ஈயத்தை உருக்கிப் பாகங்களை ஒட்டும் சூட்டுக்கோல்) சர்க்யூட் போர்டைச் சுற்றி நிற்க, ஒரு பெண் ஓரமாக உட்கார்ந்து ரீடிங் குறித்துக்கொண்டிருந்தாள்.

"அவ எழுத்து அழகா இருக்கும் சார், அதான்" என்றான் ஒருவன்.

11 வருஷமாக இதைப் பார்க்கிறேன், ஏன் என்று கேட்டதே இல்லை. இன்றுதான் விரல்களைக் கவனித்தேன். பையன்களின் விரல் நுனியில் சூடு பட்ட சின்னச் சின்னப் புள்ளிகள். அவள் நடுவிரலில் பேனா அழுத்திய தடம் மட்டும். மூன்றாம் வருஷம் முடியப்போகிறது.

"நோட்டை அவன்கிட்ட கொடும்மா, நீ வா."

முதல் ஜாயின்ட்டில் ஈயம் உருண்டு திரண்டது. இரண்டாவதும் அப்படியே. பிடுங்கிச் செய்துவிட பையனுக்குக் கை பரபரத்தது. "சும்மா இருப்பா" என்றேன்.

ஐந்தாவது, பளபளவென்று கூம்பு மாதிரி உட்கார்ந்தது.

இந்தியாவின் முதல் பெண் இன்ஜினியர்களில் ஒருவரான லலிதா 1940-இல் கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் சேர்ந்தார். 18 வயதில் கணவரை இழந்தவர், ஒரு பெண் குழந்தைக்குத் தாய். அங்கே பேராசிரியராக இருந்த அப்பா சுப்பாராவ் போய்க் கேட்டார், முதல்வர் சாக்கோ சம்மதித்தார். படித்து ஜெயித்தது லலிதாதான். ஆனால் சாவி அந்த இரண்டு ஆண்களிடம் இருந்தது.

எங்கள் லேப் சாவி என் பாக்கெட்டில் இருக்கிறது.

இனி வாராவாரம் ஒவ்வொரு மேஜையிலும் நோட்டு கை மாறும். சொல்லிவிட்டேன்.

அப்புறம், எழுத்து அழகு என்று சொன்னவன்தான் இன்று கடைசி ரீடிங் வரை எழுதினான். கொஞ்சம் கோணல். ஆனால் எல்லா எண்ணும் சரி.