மண்டி லேப்டாப்புக்குப் புது டிஸ்க்

ஜூன் 3, 2025, செவ்வாய், காவேரிப்பட்டணம்

சித்தப்பாவின் மண்டிக் கணக்கு லேப்டாப் இன்று ரொம்பவே படுத்திவிட்டது. ஆன் செய்து டெஸ்க்டாப் வரவே ஐந்து நிமிஷத்துக்கு மேல், அப்புறம் டேலி கணக்கு சாஃப்ட்வேரைத் திறக்கத் தனியாக ஒரு தவம். வெளியே தோத்தாபுரி எடை போட்டு ஏற்றியாச்சு, மாங்கூழ் ஃபேக்டரி வண்டிக்காரர் பில்லுக்காக வாசலில் நிற்கிறார். டாஸ்க் மேனேஜரில் சிபியு சும்மா கிடக்கிறது, ரேம் பாதிகூட நிறையவில்லை, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தை விட்டு இறங்கமாட்டேன் என்கிறது.

"புதுசே வாங்கிடலாமேடா" என்றார். டிஸ்க் மட்டும் மாற்றினால் போதும் சித்தப்பா என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

ஜூன் 4

டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டுப் பார்த்தேன், மஞ்சள் எச்சரிக்கை. கெட்டுப்போய் ஒதுக்கிய செக்டார்கள் (டேட்டா எழுதும் சின்னச் சின்னக் கட்டங்கள்) இருக்கின்றன, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவையும் சில. இதைப் பார்த்த பிறகு வேகமெல்லாம் இரண்டாம் பட்சம். முதல் வேலையாக டேலி டேட்டா ஃபோல்டர் பென் டிரைவுக்குப் போனது.

வேகம் ஏன் போச்சு என்பதும் எளிய கணக்குதான். இது நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க், அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். டேட்டாவைப் படிக்கும் ஹெட் இடம் மாறி, தட்டு சுற்றி வந்து, ஒரு சின்ன ஃபைலை எடுக்க 15 மில்லி செகண்ட் பக்கம் ஆகும். விண்டோஸ் எழும்போது இப்படி ஆயிரக்கணக்கில் கேட்கும். சிப்பில் டேட்டா வைக்கும் டிஸ்க்கான எஸ்எஸ்டியில் சுற்றும் பாகமே கிடையாது, ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கு போதும்.

ஜூன் 5

சாயங்காலம் கிருஷ்ணகிரி போய் ரவுண்டானா பக்கம் எஸ்எஸ்டி வாங்கினேன். கடைத் தம்பி எடுத்ததும் என்விஎம்இ என்ற அதிவேக வகை எஸ்எஸ்டி குச்சியைக் காட்டி செகண்டுக்கு 3500 எம்பி வேகம் சார் என்றார். வேகம் நிஜம்தான், ஆனால் நம்ம ஐந்தாம் தலைமுறை ஐ3 லேப்டாப்பில் அதைச் செருக இடமே இல்லை, 2.5 இஞ்ச் சாட்டா (பழைய வகை டிஸ்க் இணைப்பு) மட்டும்தான். சாட்டா எப்படியும் 550 எம்பிக்கு மேல் போகாது. போகட்டும், பில் போடுகிற மெஷினுக்கு அந்த 3500 எதற்கு? 500 ஜிபி சாட்டா ஒன்று, கூடவே சாட்டாவை யுஎஸ்பியில் மாட்டும் கேபிள். (உங்களுடையதில் எம்.2 ஸ்லாட் (குச்சி வகையைச் செருகும் இடம்) இருந்தாலும் அது சாட்டாவா என்விஎம்இயா என்று மாடல் நம்பரை வைத்துத் தேடிப் பார்த்துவிட்டே வாங்குங்கள், பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.)

ஜூன் 7, இரவு

குளோன், அதாவது பழைய டிஸ்க்கைப் புதுசில் அப்படியே நகலெடுக்கும் வேலை, ஓடுகிறது. குளோன்ஜில்லா சாஃப்ட்வேரை முதலில் யோசித்தேன், ஆனால் அது பொதுவாகப் புது டிஸ்க் பழையதின் அளவாவது இருக்கணும் என்று கேட்கும். பழையது 1 டிபி. அதனால் எஸ்எஸ்டி கம்பெனியே தருகிற சாஃப்ட்வேர், நிரம்பியிருக்கிற டேட்டாவை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பேட்டரி செத்துப்போன லேப்டாப் என்பதால் யுபிஎஸ்ஸில் மாட்டியிருக்கிறேன், காற்று அடித்தாலே இங்கே கரண்ட் போய்விடுகிறது. 61 சதவீதத்தில் வெகுநேரம் அசையாமல் நின்று பிறகு நகர்ந்தது, கெட்ட செக்டார் இருக்கும் இடம் போலும்.

ஜூன் 8, ஞாயிறு

பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்து மிச்சக் கரண்டை இறக்கிவிட்டு ஸ்குரூக்களை எடுத்தேன். ஃபேன் முழுக்க மண்டித் தூசி, வைக்கோல் துணுக்குகூட. டிஸ்க்கைப் பிடித்திருந்த தகரச் சட்டத்தில் நாலு பொடி ஸ்குரூ, அதில் ஒன்று துருவேறி வரவேமாட்டேன் என்றது, ரப்பர் பேண்டை மேலே வைத்து அழுத்தித் திருப்பினதும் வந்தது. புதுசை மாட்டி ஆன் செய்தால் டெஸ்க்டாப் இருபது செகண்டுக்குள். 500 ஜிபியில் 465 தான் காட்டுகிறது. கம்பெனி ஆயிரத்தில் எண்ணுகிறது, விண்டோஸ் 1024-இல் எண்ணுகிறது, யாரும் ஏமாற்றவில்லை.

சித்தப்பா பார்த்துவிட்டு, "அப்ப இத்தனை நாள் எதுக்குடா சும்மா இருந்த?" என்றார்.

ஜூன் 10

நாளை ஜிஎஸ்டிஆர்-1, அதாவது ஜிஎஸ்டி விற்பனைக் கணக்குக்குக் கடைசி நாள், இன்றே போட்டாச்சு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு இலவச அப்டேட் முடிகிறது, இந்த ஐ3-க்கு விண்டோஸ் 11 கிடையாது, டிஸ்க் மாற்றியதால் அது மாறப்போவதில்லை. சீசன் முடிந்ததும் லினக்ஸா புது மெஷினா என்று பேசணும். பழைய டிஸ்க்கைப் பக்கத்துக் கடைக்காரர் கேட்டார், கொடுக்கவில்லை. விவசாயிகள் பேங்க் கணக்கு நம்பர் முழுக்க அதில் இருக்கிறது.