மூன்று மாத வேலையை ரெஸ்யூமில் போடலாமா?

ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவளுக்குக் கல்யாணப் பந்தியில்கூட நிம்மதி கிடையாது. பக்கத்து இலைக்காரர், "என் பையன் ஒரு கம்பெனியில சேர்ந்து மூணே மாசத்துல வந்துட்டான்மா, அதை ரெஸ்யூம்ல போடணுமா?" என்பார். பாயசம் வருவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் சொல்வது இதுதான்: ரெஸ்யூம் வேறு, வேலை உறுதியானபின் நிரப்பச் சொல்லும் பிஜிவி, அதாவது பின்னணிச் சரிபார்ப்புப் படிவம் வேறு. ரெஸ்யூமில் எதைக் காட்டுவது, எதை விடுவது என்பது உங்கள் விருப்பம். எட்டு வருட அனுபவம் உள்ளவர், நடுவில் பிடிக்காமல் சில வாரங்களில் விட்ட வேலையை எழுதாவிட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சரிபார்ப்புப் படிவத்தில் 'இதுவரை வேலை பார்த்த எல்லா நிறுவனங்களும்' என்று கேட்டு, அடியில் கையெழுத்தும் வாங்குகிறார்கள். அங்கே ஒரு வாரம் பார்த்த வேலையானாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மறைத்தால் எப்படித் தெரியும் என்கிறார்கள். 2014-இல் யுஏஎன் என்ற பொது பிஎஃப் எண் வந்தபிறகு, எத்தனை கம்பெனி மாறினாலும் பிஎஃப் கணக்குகள் எல்லாம் அந்த ஒரே 12 இலக்க எண்ணின்கீழ்தான் வரும். பிஎஃப் நிறுவனமான இபிஎஃப்ஓவின் தளத்தில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்தால் நிறுவனத்தின் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் வரிசையாக நிற்கும். 20 பேருக்குக் குறைவான சின்ன நிறுவனம், பிஎஃப்பே பிடிக்கவில்லை என்றாலும், சம்பளத்தில் டிடிஎஸ், அதாவது வருமான வரி பிடித்திருந்தால், வரித்துறையின் வரிப்பிடித்த விவரப் பட்டியலில் (26ஏஎஸ்) நிறுவனத்தின் பெயர் வந்துவிடும்.

ஒருவருக்கு இன்டர்வியூ அருமையாகப் போயிருந்தது. சரிபார்ப்பு ஏஜென்சியின் அறிக்கை மட்டும் சிவப்பில் வந்தது. முதல் கம்பெனியை அவர் விட்டது மார்ச்சில். ரெஸ்யூமில் ஜூன் வரை இழுத்து எழுதியிருந்தார். பிஎஃப் பாஸ்புக்கிலோ ஏப்ரல், மே மாதங்களுக்கு வேறொரு நிறுவனம் பணம் கட்டியிருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன்.

"ரெண்டு மாசம்தானே மேடம். சொன்னா நிலையா இருக்க மாட்டான்னு நினைப்பீங்களோன்னு..."

அந்த இரண்டு மாதத்தை அவர் வெறுமனே விட்டிருந்தால் ரெஸ்யூமில் சின்ன இடைவெளி இருந்திருக்கும், அவ்வளவுதான். அதை யாரும் பெரிதுபடுத்தியிருக்க மாட்டார்கள். இடைவெளியை மூடத் தேதியை நீட்டியதுதான் வினையானது. ஆஃபர் ரத்தானது, நான் பேசிப் பார்த்தும் மேலே யாரும் இறங்கி வரவில்லை. (மாதத்தை விழுங்கிவிட்டு ஆண்டை மட்டும் போடும் ரெஸ்யூம்களும் உண்டு. அதைப் பார்த்தால் முதல் வேலையாக நான் மாதத்தைத்தான் கேட்பேன்.)

எப்போது போடலாம்? இப்போது விண்ணப்பிக்கும் வேலைக்கு அந்த மூன்று மாதம் உதவுமென்றால் தாராளமாக. ஒப்பந்த வேலை என்றால் பக்கத்திலேயே 'ஒப்பந்தம்' என்று எழுதிவிடுங்கள், பாதிக் கேள்வி குறையும். ஆள்குறைப்பில் போனதும் அப்படித்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கல்லூரி முடித்து ஒரு வருடம் ஆனவர்கள் கட்டாயம் போடுங்கள். அவர்களிடம் வேறு என்ன இருக்கிறது காட்ட? ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் ஒரே வரி போதும். "சொன்ன வேலை வேறு, கொடுத்த வேலை வேறு" என்று சொல்லி நிறுத்துபவரை நம்பிவிடுகிறேன். பழைய மேனேஜரைப் பற்றிக் கால்மணி நேரம் பேசுபவரிடம்தான் யோசனை வருகிறது.

அப்புறம், சம்பள விஷயம். அதே நிதியாண்டில் அந்தக் குட்டி வேலையில் வாங்கிய சம்பளத்தைப் புது கம்பெனியிடம் சொல்லாவிட்டால், இரண்டு இடத்திலும் வரிச் சலுகையைத் தனித்தனியே கணக்குப் போட்டுவிடுவார்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது மொத்தமாகக் கையைக் கடிக்கும்.

இதைவிட அதிகம் பேர் மாட்டுவது விலகிய தேதியில். சில வாரத்தில் போனவருக்கு அந்த நிறுவனம் தேதியைப் பதியாமலே விட்டுவிடும். பிஎஃப் பதிவில் நீங்கள் இன்னும் அங்கேயே இருப்பீர்கள். அடுத்த கம்பெனிக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பதுபோலத் தெரியும். கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, தளத்தில் 'மார்க் எக்ஸிட்' போய் நீங்களே தேதியைப் பதியலாம், ஆதார் ஓடிபி வந்தால் போதும். அடுத்த ஆஃபர் கைக்கு வருவதற்குமுன் அதை முடித்துவிடுங்கள்.