கறையான் தின்ற ஓப்பனிங்

2024 ஏப்ரலில் ரொறன்ரோவில் நடந்த, உலகச் சம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கண்டிடேட்ஸ் செஸ் சுற்றில் 17 வயதுக் குகேஷ் வென்ற செய்தி, எங்கள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் ஓடியது. "நீயும் கல்லூரிக்குச் செஸ் ஆடினனிதானே, சங்க மலருக்கு ஏதும் எழுதித் தாவன்" என்று செயலாளர் பிடித்துக்கொண்டார். ஆடினேன்தான். எப்படி ஆடினேன் என்பது அவருக்குத் தெரியாது.

1992. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் பொன் விலை. ஜாம் போத்தல் விளக்கில் பாடம் முடிந்தால் மிச்ச வெளிச்சம் செஸ்ஸுக்கு. கல்லூரியில் இருந்தது இரண்டு செற். ஒன்றில் கறுப்புக் குதிரை ஒன்று காணாமற்போய், அதன் இடத்தில் ஒரு சோடா மூடி நின்றது. புதிதாக வருகிறவன் அதைச் சிப்பாய் என்று நினைத்து ராணியைப் பறிகொடுப்பான்.

நூலகத்தில் ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க மூவ்கள், பற்றி இருந்தது ஒரேயொரு ஆங்கிலப் புத்தகம். அதன் முன்பாதியைக் கறையான் தின்றுவிட்டது. மிஞ்சிய பக்கங்கள், வெள்ளையின் ஈ4க்குக் கறுப்பு சீ5 வைக்கும் சிசிலியனில் தொடங்கியதால் நானும் சிசிலியன்காரன் ஆனேன். அதிலும் டிராகன் என்ற கிளையின் பெயரில் ஒரு மயக்கம். பழைய குறியீட்டுப் புத்தகம் அது. இரு தரப்பும் கட்டங்களைத் தத்தம் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். பி-கே4 என்றால் ராசாவின் சிப்பாய் நாலாம் கட்டத்துக்கு: வெள்ளையின் பி-கே4 ஒரு கட்டம், கறுப்பின் பி-கே4 இன்னொன்று. இது பிடிபடவே எனக்கு ஒரு மாதம் சென்றது. பிறகு பதினொரு மூவைக் கொப்பியில் எழுதி, வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்கினேன்.

அயல் பாடசாலையோடு போட்டி. எனக்குக் கறுப்புக் காய்கள், எதிரே என்னைவிட இரண்டு வயது குறைந்த பொடியன். மூன்றாம் மூவில் அவன் ராணிச் சிப்பாயைத் தள்ளியிருக்க வேண்டும், புத்தகம் அப்படித்தான் சொன்னது. அவனோ பிஷப்பை சீ4இல், அதாவது சீ வரிசையின் நாலாம் கட்டத்தில், கொண்டுவந்து வைத்தான். நான் குதிரையை வெளியே எடுத்தேன். சிப்பாயை ஈ5க்குத் தள்ளினான். சும்மா கிடைக்கிறதே என்று வெட்டினேன். அவனுடைய குதிரை பாய்ந்து என் சிப்பாயை வெட்டிவிட்டு அங்கேயே நின்றது. இனி என் ஐந்தாம் மூவ். கொப்பியில் ஐந்தாவது ஜீ6, ஜீ சிப்பாய்க்கு ஒரு கட்டம். வைத்தேன். பிஷப் வந்து எஃப்7 சிப்பாயை வெட்டியது. என் ராசா பிஷப்பை வெட்டலாமென்றால் குதிரை காவல், டீ7க்கு ஓடலாமென்றால் அங்கும் அதே குதிரை. மற்றப் பக்கமெல்லாம் என் சொந்தக் காய்களே வழியை அடைத்துக்கொண்டு நின்றன. செக்மேற். பக்கத்து மேசைக்காரர் அப்போதுதான் கதிரையை இழுத்து வசதியாக இருந்தார்கள்.

"அஞ்சாம் மூவ் ஏனடா அது வைச்சனி?" என்றார் சேர்.

"புத்தகத்தில அதுதான் சேர்."

"புத்தகத்தில அவன்ர குதிரை எங்க நிண்டது?"

டீ4இல். நான் பார்க்கவேயில்லை. ஈ சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருந்தாலே பிஷப்பின் பாதை அடைபட்டிருக்கும்.

கொப்பி அன்றே சேரின் பைக்குள் போனது. அடுத்த சனிக்கிழமை தொடக்கம் வெள்ளைக்கு இத்தாலியன் ஓப்பனிங், கறுப்பில் ஈ4க்கு ஈ5, டீ4க்கு டீ5. அவ்வளவுதான். ஒவ்வொரு காயையும் வைக்கும்போது காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஈ4: நடுவைப் பிடிக்கிறேன், பிஷப்புக்கும் ராணிக்கும் வழி திறக்கிறேன். குதிரை எஃப்3: அவனுடைய ஈ5 சிப்பாயைத் தாக்குகிறேன். பிஷப் சீ4: எஃப்7ஐப் பார்க்கிறேன், தொடக்கத்தில் அந்தச் சிப்பாய்க்கு ராசாவைத் தவிர வேறு காவல் இல்லை. இதைச் சொன்ன முதல் நாள் சேர் சிரித்துவிட்டார். காரணம் சொல்லத் தெரியாவிட்டால் காயைத் திருப்பி வைக்க வேண்டும். டிராகனைத் தொட விட்டது ஒன்றரை வருடம் கழித்துத்தான். இங்கே என் மகள் லண்டன் சிஸ்டம் வீடியோக்களை வரிசையாகப் பார்க்கிறாள். லண்டனைக் குறை சொல்லமாட்டேன், தொடங்குகிறவருக்கு நல்ல ஓப்பனிங். ஆனால் எதிராளியின் பக்கம் பாராமலே ஆடலாம் என்று அதை விற்கிறார்களே, அங்கேதான் எனக்கு ஜீ6 ஞாபகம் வருகிறது.

அடுத்த வருடம் அதே பொடியன், அதே கறுப்புக் காய்கள். அவன் ஈ4 வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் ஈ5 வைத்தேன். அவனுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். முன்னேற்றம் இல்லாமலில்லை: இந்த முறை 43ஆம் மூவில்தான் தோற்றேன், ஆளுக்கொரு கோட்டை மட்டும் மிஞ்சிய நிலையில், கையிலிருந்த சமநிலையைக் கோட்டைவிட்டு.

சேர் ஆட்டத் தாளை வாங்கிக் கடைசிவரை வாசித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"ஓப்பனிங் பிழையில்லை. சனிக்கிழமை எண்ட்கேம். சோடா மூடி இல்லாத செற்றைக் கொண்டு வா."