சின்ன போர்டிடம் எவ்வளவு கேட்கலாம்?

ஹட்டன் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகளில், கொழுந்து வாட்டும் மாடியில் ஈரப்பதம் பார்க்க இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகை) வைக்க நினைக்கும் தம்பிமாருக்கு.

அதன் உள் நினைவகம் 520 கிலோபைட்தான். பெரிய ரவுட்டர் தரும் முழு எஸ்என்எம்பி (நெட்வொர்க் வழியாகக் கருவியின் நிலையைக் கேட்டறியும் முறை) வசதியை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் எவ்வளவு நேரமாக ஓடுகிறது, வைஃபை சிக்னல் எப்படி, கடைசியாக ஏன் ரீபூட் ஆனது என்பதைக் கட்டாயம் கேளுங்கள். இடிமழையில் கரண்ட் போய்வரும் நம் மலையகத்தில் அந்தக் கடைசித் தகவல் தங்கம். வோல்டேஜ் இறங்கியதா, புரோகிராம் தொங்கிவிட்டதா என்று மாடி ஏறாமலே தெரிந்துவிடும்.

எஸ்என்எம்பிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால், சரி, வாசிக்க மட்டும் விடுங்கள். ஏனென்றால் அதன் 2சி பதிப்பில் கடவுச்சொல் மறைக்கப்படாமலே போகிறது. அப்புறம், ஃபர்ம்வேரை (போர்டுக்குள் ஓடும் புரோகிராமை) வைஃபை வழியாகவே மாற்ற முதல் நாளே வழி செய்துவிடுங்கள்.