'லேக்' (இழுவை) என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் எப்படி?

2024-ல் தியேட்டரில் தவறவிட்ட இரண்டு படங்களைப் போன வாரம் அடுத்தடுத்த ராத்திரிகளில் பார்த்து முடித்தேன். கொட்டுக்காளி, மெய்யழகன். இரண்டுக்குமே நண்பன் கொடுத்த விமர்சனம் ஒன்றுதான்: "செம லேக் மச்சி, ஓட்டி ஓட்டிப் பாரு."

ஓட்டாமல்தான் பார்த்தேன். கொட்டுக்காளியில் பின்னணி இசையே கிடையாது, அது தெரியாமல் உட்கார்ந்ததால் முதல் பத்து நிமிஷம் சத்தத்தில்தான் ஏதோ கோளாறு என்று ரிமோட்டை வைத்து நோண்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் காது பழகிவிட்டது. ஆட்டோ சத்தம், சேவல், கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு பாண்டியாக வரும் சூரியின் கட்டிப்போன தொண்டை, இதெல்லாம்தான் இசை. மீனாவாக வரும் அன்னா பென் பேசுவதே இல்லை என்று சொல்லலாம், முறைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். வழியில் எங்கோ ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு வருகிறது, மீனா அதை லேசாக முணுமுணுக்கிறாள், அவ்வளவுதான், பாண்டி வெறி பிடித்த மாதிரி அடிக்க ஆரம்பிக்கிறான், தடுக்க வந்த பெண்களுக்கும் விழுகிறது. வேறு படமாக இருந்தால் அந்த இடத்தில் வயலின் அழுதிருக்கும். இங்கே அடி விழும் சத்தம் மட்டும். எனக்கு உடம்பு கூசிப்போனது. முடிவு பாதியில் நிற்கிறது என்று நிறையப் பேருக்கு வருத்தம், எனக்கு அங்கே நிறுத்தியதுதான் சரி என்று பட்டது. இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜ் நமக்கு எதையும் ஊட்டிவிடுவதில்லை.

மெய்யழகன் விஷயத்தில் நண்பன் பாதி சரி. 177 நிமிஷப் படம், ரிலீஸுக்குப் பிறகு சுமார் 18 நிமிஷத்தை வெட்டினார்கள், நான் பார்த்தது அந்த வெட்டிய வடிவம். அத்தான் அத்தான் என்று உருகும் கார்த்தி யார், பெயர் என்ன என்றே அரவிந்த்சாமிக்குத் தெரியாது, தெரிந்த மாதிரியே சமாளிக்கிறார். நமக்கும் இப்படி எத்தனை கல்யாண வீட்டில் நடந்திருக்கிறது! எப்போது மாட்டிக்கொள்வார் என்கிற பதற்றம் இருக்கும்வரை எவ்வளவு நேரம் பேசினாலும் கேட்கலாம். கல்யாண மேடையில் அரவிந்த்சாமி தங்கைக்குக் கொலுசு போட்டுவிடும் காட்சியில் கண் கலங்கியதை மறைக்கப் போவதில்லை. ஆனால் கார்த்தி சொல்லும் பழைய சைக்கிள் கதை முடிந்த பிறகும் அவர் எவ்வளவு நல்லவர் என்று படம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சரிப்பா, புரிந்துவிட்டது என்று சொல்லத் தோன்றியது. மெதுவாகப் போகிற படம் வேறு, நின்ற இடத்திலேயே நிற்கிற படம் வேறு. கொட்டுக்காளி முதல் வகை, மெய்யழகன் கடைசி முக்கால் மணி நேரம் அங்கங்கே இரண்டாவது வகை. வசனத்துக்கு நடுவே இன்னும் கொஞ்சம் மௌனம் விட்டிருக்கலாம், இயக்குநர் பிரேம்குமாருக்கு அது வராத வித்தையும் இல்லை.

வெட்டுவதற்கு முன் தியேட்டரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அந்த 18 நிமிஷத்தில் என்ன போச்சு என்று சொல்லுங்கள், வெட்டியதால்தான் சில இடம் தொடர்பில்லாமல் தெரிந்ததோ என்று ஒரு சந்தேகம்.

நண்பனிடம் திரும்பப் போய்ச் சண்டை போட்டேன். கொட்டுக்காளியில் ஒரு காளை வழியை மறித்து நிற்கும், அத்தனை ஆம்பளைகளும் முழித்துக்கொண்டிருக்க, ஒரு சின்னப் பெண் வந்து அலட்டாமல் ஓட்டிக்கொண்டு போவாள், அந்த இடம்கூடவா உனக்குப் பிடிக்கவில்லை என்று கேட்டேன்.

"எந்தக் காளை?" என்றான்.